நோயாளியின் பெயர், நட்சத்திரம்

கடந்த வருடம் ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாள் ஒன்றின் விடியற்காலை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், கொழும்பிலிருந்து வரும் இரவுப் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். அதில் என் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் சாமான் போட்டுவிடுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதினமில்லை. கொழும்பில் ஒருவர் கொண்டக்டரின் கையில் பொதியைக் கொடுத்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தை நமக்குச் சொல்லிவிடுவார். காலையில் நாம் போய் எடுத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடி, கடவுச்சீட்டு, பிள்ளையின் சப்பாத்து எல்லாம் இப்படித்தான் ஊர் வந்து சேரும். திரும்பிப் போகும்போது முருங்கைக்காயும் கருவாடும் போகும். என்னுடைய பெட்டிக்குள் இருந்ததைத்தான் அந்தப் பஸ் அதுவரை ஏற்றியிருக்க நியாயமில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் டி.என்.ஏ. இழையில், நாம் சும்மா மூச்சு விடுவதாலேயே இரும்பில் துருப் பிடிப்பதுபோல நாளாந்தம் கறள் பிடிக்கிறது. அந்தக் கறளைத் தேடிப் பிடித்துச் சுரண்டி எடுப்பதற்கென்றே உடம்புக்குள் ஒரு புரதம் இருக்கிறது. சிலருக்கு அது நல்ல சுறுசுறுப்பு, சிலருக்குக் கொஞ்சம் சோம்பல். எங்கள் பகுதிச் சனங்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் எனது ஆய்வு. அதற்காகப் பலர் என்னை நம்பிக் கை நீட்டி இரத்தம் தந்திருந்தார்கள்.

ஆனால் இரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தராசுக்குப் படிக்கல் வேண்டும் அல்லவா, அதுபோல ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் புரதமே தூய்மையாகக் கையில் வேண்டும். அதை வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள். மனிதப் புரதம் என்றாலும் எந்த மனிதரிடமிருந்தும் எடுப்பதில்லை. அதைச் செய்வதற்கு நமது உடம்பு வைத்திருக்கும் குறிப்பை ஒரு பக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் பக்டீரியாவைக் கொண்டு செய்விப்பார்கள். விரல் நுனியளவு குப்பியில் ஒரு சொட்டுக் கண்ணீர் அளவுக்குத்தான் வரும். சூடு கண்டால் செத்துப்போகும். வெறும் குளிர் போதாது, மறை எண்பது பாகையில், அதாவது உறைநிலைக்கும் எண்பது பாகை கீழே வைக்க வேண்டும். அதனால் ட்ரை ஐஸ் நிரப்பிய றெஜிபோம், அதாவது தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள். ட்ரை ஐஸ் என்பது தண்ணீராகாமல் புகையாகவே மறைந்துவிடும் பனிக்கட்டி. அது மறைந்து முடிவதற்குள் குப்பி எங்கள் ஆழ்குளிர்ப்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

அது வந்து சேர நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அனுமதி, கையெழுத்து, சுங்கம், மறுபடியும் கையெழுத்து. அந்த வருட முடிவோடு எங்கள் ஆய்வுக்கான காலமும் முடிகிறது. இந்தக் குப்பி பழுதானால் இன்னொன்று வரவழைக்க நேரமில்லை. சனங்கள் தந்த இரத்தம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதுதான். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. அன்று பஸ் நிலையத்தில் தேநீர்க் கடைக்காரர் மீதி தரச் சுணங்கியதற்கே எரிந்து விழுந்தேன்.

பஸ் வந்தது. கொண்டக்டர் தூக்கம் நிறைந்த கண்களோடு வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். வாங்கியதும் திக்கென்றது. பெட்டி பஞ்சுபோல் இலேசாக இருந்தது. ட்ரை ஐஸ் முழுவதும் போய்விட்டதென்று நினைத்து, ஸ்கூட்டியில் பறந்துபோய் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, ஆழ்குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்க ஆயத்தமாய் நின்றுகொண்டு, மூடியை ஒட்டியிருந்த ஒட்டுநாடாவைக் கிழித்தேன்.

உள்ளே ஈரத்துணி. துணிக்குக் கீழே வாழையிலை. இலைக்குக் கீழே ஊதாவும் வெள்ளையுமாக ஓர்க்கிட் பூக்கள் தொடுத்த இரண்டு கலியாண மாலைகள்.

அறை முழுக்க ஈர வாழையிலை வாசம். உடனே கொண்டக்டருக்கு அழைப்பெடுத்தேன்.

"ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரித்தான் தங்கச்சி இருந்தது. இருட்டுக்குள்ளை கொடிகாமத்திலை ஒண்டை இறக்கினனான். மாறிப் போச்சுதோ?" என்றார். நான் வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் நாதஸ்வரச் சத்தமும் பாத்திரங்கள் உருளும் சத்தமும் கேட்டன.

"எங்கடை மாலை உங்களிட்டையோ பிள்ளை? அப்பாடா. என்ரை தம்பி கொழும்பிலையிருந்து அனுப்பினவன். அவனுக்கு வேலையிலை லீவு குடுக்கேல்லை. தான் வராட்டியும் தன்ரை மாலை வரோணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவன்."

"என்ரை பெட்டி அம்மா?"

"இருக்கு, இருக்கு. குளிராய்த்தான் வைச்சிருக்கிறம். ஆஸ்பத்திரிச் சாமான்தானே?"

"ஆய்வுகூடச் சாமான் அம்மா. கெட்டுப்போச்சுதெண்டால் பேந்து எடுக்கேலாது."

"ஓம் ஓம், விளங்குது. பதறாமல் வாங்கோ. பிள்ளையின்ரை கலியாணம் இண்டைக்கு. மாப்பிள்ளை பகுதி வரமுதல் மாலை வந்தால் போதும்."

ஆய்வுகூடம் என்று நான் சொன்னது அவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் அறைதான். அதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. குளிராய் வைத்திருக்கிறோம் என்று அவர் சொன்னதும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கவலைக்கிடமான நோயாளியை விசிறியால் விசிறிக் காப்பாற்றுவது போன்ற வேலை அது.

பூப்பெட்டியை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு ஏ-ஒன்பது வீதியில் கிளம்பினேன். நாவற்குழி தாண்டும்போது வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. சாவகச்சேரிச் சந்தையடியில் நெரிசல். முன்னால் தேங்காய் ஏற்றிய லொறி ஒன்று அசைந்து அசைந்து போனது. நான் அடித்த ஹோர்ன் சத்தத்துக்கு அந்தச் சாரதி தலையை வெளியே நீட்டி, "ஏன் தங்கச்சி, கலியாணமோ?" என்று கேட்டார். ஓம் என்று கத்தினேன். உடனே ஒதுங்கி வழி விட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒதுங்கியிருப்பாரோ தெரியாது.

கொடிகாமத்தில், வாழை கட்டிய கலியாண வீட்டு வாசலில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா எனக்காகவே காத்து நின்றார். மணப்பெண்ணின் தாய். நான் இறங்குவதற்குள் பெட்டியை வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்து மாலைகளைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது. தம்பியின் கையைப் பிடிப்பதுபோல அந்த மாலையை ஒருதரம் தடவிவிட்டு, யாரோ ஒருவரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார். பிறகு என் கையைப் பிடித்து, "வாங்கோ, உங்கடையைக் காட்டுறன்" என்று பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஓர் ஐஸ்கிறீம் வான் நின்றது. ஊரில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரியுமே, அப்படி ஒன்று. அதன் குளிர்ப்பெட்டிக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு, பட்டு வேட்டியும் சால்வையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மணப்பெண்ணின் தகப்பன். கொடிகாமச் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்பவர் என்று பிறகு அறிந்தேன். மகளின் கலியாணத்தன்று ஆயிரம் வேலை கிடக்க, ஒருவரும் அந்தக் கதவைத் திறக்காமல் காவல் இருந்தார்.

நடந்ததை அவர்தான் சொன்னார். பெட்டி வந்ததும் மாலை என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியிருக்கிறது. குண்டு என்று யாரோ கத்த, முற்றத்தில் நின்ற சனம் முழுவதும் கிணற்றடிக்கு ஓடியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பயத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பெட்டி திறந்தபடியே முற்றத்தில் கிடந்திருக்கிறது. கடைசியில், பாதி அலங்காரத்தோடு இருந்த மணப்பெண்தான் வெளியே வந்து, உள்ளே இருந்த ஆங்கிலக் கடதாசியை எடுத்து வாசித்திருக்கிறாள். மனிதப் புரதம், பழுது திருத்துவது, உறைநிலையில் வைக்கவும். இந்த மூன்றும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

"மனிசரின்ரை உடம்பைத் திருத்திற மருந்தாம் எண்டு மகள் சொன்னவள். அப்ப ஆரோ ஒருத்தர் ஆஸ்பத்திரியிலை இதைப் பாத்துக்கொண்டு கிடக்கினம் எண்டு எங்களுக்கு விளங்கீட்டுது. வீட்டுப் பிரிஜ்ஜிலை வைச்சால் போதாது எண்டும் அவள்தான் சொன்னவள். நல்ல காலத்துக்கு இந்த வான் விடியவே வந்து நிண்டது."

வானுக்குள் இடம் இருக்கவில்லை. விருந்தினருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த ஐஸ்கிறீம் வாளிகளால் நிறைந்திருந்தது. அதனால் எல்லாவற்றையும் வெளியே இறக்கிவிட்டார்கள். பந்தலின் ஓரத்தில் வரிசையாக வாளிகள், மூடிகளுக்குக் கீழால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக வழிந்துகொண்டிருந்தன. வழிவதை வீணாக்கக் கூடாதென்று கலியாண வீட்டுச் சிறுசுகள் காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பத்தோடு ஐஸ்கிறீம் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

வான்காரர் கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே குனிந்து என் பெட்டியின் மூடியைக் கொஞ்சமாக நீக்கிப் பார்த்தேன். ட்ரை ஐஸ் பாக்கு அளவில் சில துண்டுகள்தான் மிஞ்சியிருந்தன. சுங்கத்தில் காத்துக் கிடந்ததில் பாதி, முற்றத்தில் திறந்து கிடந்ததில் மீதி என்று போய்விட்டது. ஆனால் குப்பி இருந்த பை இன்னும் கல்லாய் உறைந்திருந்தது. அந்த வானின் குளிர் மட்டும் இல்லாதிருந்தால் நான் வந்து பார்த்தது வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அந்தப் புரதத்துக்கு உயிர் தந்தது ஒரு கலியாண வீட்டின் ஐஸ்கிறீம்தான்.

"இனி ஸ்கூட்டியிலை கொண்டு போகேலாது பிள்ளை, வெயில்" என்றார் தகப்பன். "இந்த வானுக்குள்ளையே கொண்டுபோய் விடட்டும். ஸ்கூட்டி இஞ்சை நிக்கட்டும். பேந்து வந்து எடுங்கோ."

நான் நன்றி சொல்ல வாய் எடுக்கும்போது அந்த அம்மா குறுக்கிட்டார்.

"ஒரு நிமிசம் பிள்ளை. நோயாளியின்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"ஏனம்மா?"

"ஐயர் இப்ப பிள்ளையார் பூசை தொடங்கப் போறார். அதோடை சேத்து அந்த ஆளின்ரை பேரிலையும் ஒரு அர்ச்சனை செய்விக்கிறம். எங்கடை வாசலுக்கு வந்த மருந்து. நல்ல நாளும் அதுவுமாய் சும்மா அனுப்பேலாது."

ஒரு பெயரையும் ஒரு நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு வானில் ஏறியிருக்கலாம். அவர்களும் சந்தோசப்பட்டிருப்பார்கள், எனக்கும் நேரம் மிஞ்சியிருக்கும். என் அம்மாவின் பெயரும் உத்தரட்டாதியும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. வழிந்துகொண்டிருந்த அந்த வாளிகளைப் பார்த்தேன். அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அம்மா, நோயாளி எண்டு ஒருத்தரும் இல்லை."

அவர் என் முகத்தையே பார்த்தார். தகப்பன் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். நான் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். உடம்புக்குள் கறள் பிடிப்பதையும், அதைச் சுரண்டுகிற புரதத்தையும், இது அதை அளந்து பார்க்க மட்டும்தான் என்பதையும் சொன்னேன். விஞ்ஞானக் கூட்டங்களில் எத்தனையோ தரம் சொன்ன விசயம்தான். அன்று அந்தப் பந்தலுக்குப் பின்னால் நின்று சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பிக்கையில்லாமல் கேட்டது.

"எங்கடை உடம்பிலையும் உது இருக்கோ?" என்று தகப்பன் கேட்டார்.

"ஓம் ஐயா. இப்பவும் வேலை செய்துகொண்டிருக்கு."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தேங்காய் உரித்து உரித்துத் தோல் தடித்த கை.

"அப்ப உந்தக் குப்பியிலை இருக்கிறதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது?"

"ஏலாது ஐயா. ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது."

"பேந்து ஆருக்கு, எப்ப பிரயோசனம்?"

"தெரியாது ஐயா. கனகாலம் செல்லும். பிரயோசனம் வராமலும் போகலாம்."

சொல்லி முடித்ததும் வெட்கமாய் இருந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து மகளின் விருந்தில் கை வைத்தவர்களிடம், வராமலும் போகலாம் என்கிறேன். அவர்கள் கோபித்தால் அது நியாயம். அந்த நேரம் பார்த்து வாசலில் மேளம் பலமாகக் கேட்டது. மாப்பிள்ளை பகுதி வந்திட்டுது என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தகப்பன் மட்டும் வான்காரரைப் பார்த்து, "நிண்டு என்ன பாக்கிறாய்? கெதியாய்க் கொண்டுபோய் விட்டிட்டு வா" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வான்காரர் நல்ல மனிதர். பழக்க தோசத்தில் வீதிக்கு ஏறியதும் பாட்டைப் போட்டுவிட்டார். கைதடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்து கையைக் காட்டினாள். "இண்டைக்கு ஐஸ்கிறீம் இல்லை அக்கா, மருந்து" என்று அவர் சத்தமாய்ச் சொல்லிவிட்டு வானை விரட்டினார். நான் திருத்தவில்லை. எனக்கு வேறு யோசனை. அந்த அம்மா பேசாமல் திரும்பிப் போனது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. ஐஸ்கிறீம் பாட்டோடு ஆய்வுகூட வாசலில் வந்து இறங்கிய முதல் ஆராய்ச்சியாளர் நானாகத்தான் இருக்க வேண்டும். காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று மத்தியானம் அந்தக் குப்பியிலிருந்து மிகச் சிறிய துளி ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கறள் பிடிக்க வைத்த டி.என்.ஏ. துண்டுகளை ஒரு குழாயில் இட்டு அந்தத் துளியைச் சேர்ப்போம். புரதம் உயிரோடு இருந்தால் கறள் பட்ட இடத்தைத் தேடி வெட்டும். வெட்டுப்பட்டதை ஜெல்லில் ஓட விட்டால் கீழே இன்னொரு கோடாய்த் தெரியும். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கோடு இருந்தது. மெல்லியதல்ல, தெளிவான கோடு. அந்த அறையில் எனக்கு எத்தனையோ நல்ல முடிவுகள் கிடைத்திருக்கின்றன. ஓடிப்போய் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். அந்த ஒருவர் கொடிகாமத்தில் இருந்தார். அவர் என்னோடு பேசுவாரா என்பதுதான் தெரியவில்லை.

பின்னேரம் பஸ் எடுத்துப் போனேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. பந்தலில் சனம் குறைந்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தூணில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்கோ பிள்ளை. உயிரோடை இருக்கோ?"

யாரைக் கேட்கிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. குப்பியில் இருந்ததைத்தான் கேட்கிறார்.

"ஓம் அம்மா. நல்லாய் இருக்கு. வேலை செய்யுது."

"இஞ்சேருங்கோ," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அது தப்பீட்டுதாம்."

தகப்பன் தலையில் கட்டிய துவாயோடு வந்தார். வேட்டியில் பாயசக் கறை. காலையில் வீணாய்ப்போன ஐஸ்கிறீமுக்காக நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உதறினார்.

"ஐஸ்கிறீம் இல்லையெண்டு ஒருத்தரும் தாலி கட்டாமல் போகேல்லைப் பிள்ளை."

அந்த அம்மா என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"காலமை நீங்கள் சொன்ன உடனை எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்லை. அந்த நேரம் பாத்து மாப்பிள்ளை பகுதியும் வந்திட்டினம். நீங்கள் குறை நினைச்சிருப்பியள்."

"நீங்கள்தான் கோபிச்சிட்டியள் எண்டு நினைச்சன் அம்மா."

"ஏன் கோபிக்கிறன்? ஐயரிட்டை அர்ச்சனை எண்டு முதலே சொல்லிப்போட்டன். அவர் மணவறையிலை இருந்துகொண்டு பேரென்ன, நட்சத்திரமென்ன எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? ஆள் இன்னும் வரேல்லை ஐயா எண்டன். வரேல்லையெண்டால் எங்கை எண்டு கேட்டார். இனித்தான் வரோணும், ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, இன்னும் பிறக்காத பிள்ளையாயும் இருக்கலாம் எண்டு சொன்னன்."

பிறக்காத பிள்ளை என்று சொல்லும்போது அவருடைய பார்வை உள்ளே போனது. அங்கே விறாந்தையில், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புது மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அதுவரை அந்த நினைப்போடு ஒரு நாளும் என் வேலையைப் பார்த்ததில்லை.

"பேந்து ஐயர் என்ன செய்தார்?"

"சாமியின்ரை பேருக்கே அர்ச்சனை செய்தார். பேர் தெரியாட்டி அப்படிச் செய்யலாமாம். பொம்பிளையும் மாப்பிள்ளையும் எழும்பிக் கும்பிட்டவை. சபையிலை இருந்த சனமும் என்னெண்டு கேளாமல் எழும்பிக் கும்பிட்டுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். வெட்கப்படவில்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். என்னை யார் என்று கேட்டு வந்த சொந்தக்காரர் ஒருவரிடம், "எங்கடை மருந்துப் பிள்ளை" என்றார். மருந்து இல்லை என்று அவருக்குத் தெரியும். நானும் திருத்தவில்லை.

அந்தக் குப்பியில் இருந்தது சில மாதங்களில் முடிந்துவிட்டது. சனங்கள் தந்த இரத்தம் முழுவதையும் அளந்து முடித்தோம். கிடைத்த முடிவு பெரிதாக ஒன்றுமில்லை. ஆராய்ச்சி உலகத்தில் யாரோ ஒருவர் என்றோ புரட்டிப் பார்க்கப்போகும் ஒரு சிறிய அட்டவணை. முன்பென்றால் இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று சலித்திருப்பேன். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வது எங்கள் வேலையின் குறை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். தெரியாத ஒருவருக்காக ஐஸ்கிறீமை இறக்கி வைக்கவும், சபையோடு எழும்பிக் கும்பிடவும் முடியும் என்று அந்த வீட்டில்தான் கண்டேன்.

இப்போதும் சில நாட்களில் சோதனை பிழைக்கும். கோபம் மூக்கின் மேல் நிற்கும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கும். அப்போதெல்லாம் அந்த நோயாளியை நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பெயர் இல்லை, நட்சத்திரம் இல்லை, இன்னும் வந்து சேரவும் இல்லை. ஆனால் அவருக்காக ஒரு வீட்டில் கும்பிட்டு முடித்துவிட்டார்கள். மிச்ச வேலை எங்களுடையது.